கொசுறு ஈயம்

வாயை அடைத்துவிட்டான், அதுதான் சடையப்பனுக்கு முதல் கடுப்பு. குளிரெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒரு ரப்பர்த் துண்டைப் பல்லுக்கு நடுவில் கொடுத்து, "நல்லாக் கடிச்சுக்குங்கய்யா, எது நடந்தாலும் இத மட்டும் விட்றாதீங்க" என்று அந்த நவநீதன் சொன்னபோதே யோசித்திருக்க வேண்டும். மணப்பாறை மாட்டுச் சந்தையில் மீசை அரும்பின நாளிலிருந்து இந்த வாயை வைத்துத்தான் அவர் சோறு தின்கிறார். எலும்பும் தோலுமாய் வந்த மாட்டை ஐராவதத்துக்குத் தம்பி ஆக்கியது இந்த வாய். கொழுகொழுவென்று நின்ற காளையைப் பார்த்து, ஏம்ப்பா இத நடத்திக் கூட்டியாந்தியா தூக்கிக் கொண்டாந்தியா என்று கேட்டு, வளர்த்தவனையே சந்தேகப்பட வைத்ததும் இந்த வாய்தான். அதற்கு இன்று அடைப்பான் போட்டாகிவிட்டது. மாட்டுக்கு மூக்கில் கயிறு, தரகனுக்கு வாயில் ரப்பர். முதுகில் ஒரு சிலிண்டர். அதற்குள் என்ன? காற்று. ஊரெல்லாம் கேட்பாரற்றுக் கிடக்கிற காற்றை இரும்பில் அடைத்து முதுகில் ஏற்றிவிட்டு, அதையும் பார்த்துப் பார்த்து இழுங்க என்கிறான். ஒருத்தன் ஓசிக் காற்றையே இப்படி விற்கிறான் என்றால் அவன் தொழில்காரன்தான், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் பெண் கொடுக்க முடியாது. தொழில் வேறு, பெண் வேறு. படகிலிருந்து அடிவரைக்கும் தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் தலையை உள்ளே விட்டார். மலை ஏரி ஓங்கி ஓர் அறை விட்டது.

அது தண்ணீரே இல்லை, வேறு ஏதோ. தண்ணீர் என்றால் நனைக்கும், இது கடித்தது. முகத்தில் கண்ணாடி மூடாத இடமெல்லாம், உதட்டோரம், தாடை, மீசைக்குக் கீழே, யாரோ எறும்புப் புற்றை எடுத்து அப்பினாற்போல. மூச்சு அவரைக் கேட்காமல் தானாக உள்ளே இழுத்துக்கொண்டது, ஹக் ஹக் ஹக் என்று, கழுத்து அறுபட்ட கோழி மாதிரி. நேற்று இடுப்பளவு ஆழத்தில் வைத்துப் பழக்கினபோது அவன் சொன்னான், மொதல்ல மூச்சு திக்கும், பயப்படாதீங்க, கொஞ்ச நேரத்துல அடங்கிரும் என்று. அதற்கு அவர் என்ன சொன்னார்? "தம்பி, மார்கழி விடியக்காலைல வாய்க்கால்ல மாடு குளிப்பாட்டுன ஒடம்பு இது." அவன் சிரிக்கவில்லை. சிரிக்காதது இன்னும் எரிச்சல். "அது தோலுக்குக் குளிருங்கய்யா. இது மூச்சுக்குக் குளிரு. வேகமா இழுத்தீங்கன்னா காத்து வர்ற வால்வுலயே ஐஸ் பிடிச்சுரும், தெறந்தது தெறந்தபடி நின்னுரும், உள்ள இருக்கிற காத்தெல்லாம் குமிழியாப் போயிரும்." அட, காற்றே ஐஸ் பிடிக்குமாம். அதோடு விட்டானா? மேலே வரும்போது மூச்சை அடக்கினால் நெஞ்சு பலூன் மாதிரி உப்பிக் கிழிந்துவிடும். சரசரவென்று மேலே வந்தால் ரத்தத்தில் சோடா மாதிரிக் குமிழி கிளம்பும். கடல் பக்கத்தைவிட மலையில் காற்று லேசு, அதனால் இங்கே அந்த ஆபத்து ஒரு பங்கு கூட. முக்குளித்த அன்று இதைவிட உசரமான மலைப்பாதையில் வண்டி ஏறக் கூடாது. விரல் மரத்துப் போனால் கொக்கி கழற்ற வராது. அடியில் வண்டல், அதைக் கலக்கினால் கண் தெரியாது. இத்தனை நொட்டை சொல்லி எவனாவது மாடு விற்பானா? சந்தையில் இப்படி ஒருத்தன் நின்று, ஐயா இது முட்டும், உதைக்கும், பால் கறக்காது, ராத்திரி கத்தும் என்று சொன்னால் அவனைப் பைத்தியம் என்று தலைக்கயிற்றோடு விரட்டிவிடுவார்கள். இவன் சொல்கிறான். சொல்லிவிட்டு, எறங்கலாமா ஐயா என்று வேறு கேட்கிறான்.

எல்லாம் ரஞ்சனியால் வந்தது. சிவரஞ்சனி என்று பேர் வைத்து, படிக்க வைத்து, தோட்டக்கலை ஆபீஸில் வேலை கிடைத்து மலைக்கு அனுப்பினால், கேரட்டையும் பீன்ஸையும் பார்த்துவிட்டு வருவாள் என்று பார்த்தால், ஏரிக்குள்ளிருந்து எழுந்து வந்த ஒருத்தனைக் கட்டிக்கொள்கிறேன் என்று நிற்கிறாள். என்ன வேலை என்று கேட்டார். தண்ணிக்குள்ள முழுகுற வேலை என்றாள். முழுகுறதுக்கு எவன் சம்பளம் குடுப்பான், கல்லைப் போட்டா சும்மாவே முழுகுமே என்றார். அவள் கோபப்படவில்லை, அவளும் அவர் மகள்தானே, பேரம் பேசத் தெரிந்தவள். "விழுந்தவங்களத் தூக்குறதும் அவருதான், எறங்க ஆசப்பட்டவங்களக் கூட்டிட்டுப் போய் முழுசாக் கூட்டிட்டு வர்றதும் அவருதான். நீங்க ஒரு தடவ அவரோட எறங்கிப் பாருங்கப்பா. மேல போகலாம்னு அவரு சொல்ற வரைக்கும் உள்ள இருந்துட்டு வந்துட்டீங்கன்னா, இந்தப் பேச்ச நான் அதுக்கப்புறம் எடுக்கவே மாட்டேன். அதுக்கு முன்னாடி பயந்து மேல வந்துட்டீங்கன்னா, தாம்பாளத்தோட அவங்க வீட்டுக்கு வரணும்." அந்தப் பயல் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வேண்டாம் ரஞ்சனி, இது பந்தயம் கட்டுற எடமில்ல என்று ஒரு வார்த்தை சொன்னான். பயந்துட்டான்டா என்று சடையப்பன் உடனே மகள் கையில் அடித்துப் பந்தயத்தை ஏற்றார். கோபத்தில் அடித்த கை. சந்தையில் கோபத்தில் கையில் அடித்து ஒத்துக்கொள்ளாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், கழுதை, தானே அடித்துவிட்டார்.

இப்போது அவன் எதிரே மிதந்துகொண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் காட்டினான். சரியா இருக்கீங்களா என்று அர்த்தம். இவரும் வட்டம் காட்டினார். வேறென்ன செய்ய? இல்லையடா, முழங்காலில் குளிர் ஏறுது, காதில் ஆணி அடிக்கிறது, காலையில் ஒன்றும் சாப்பிடாததால் வயிறு முதுகோடு ஒட்டிப் போச்சு என்பதற்கெல்லாம் எந்த விரலைக் காட்டுவது? வயிற்றை நினைத்ததும் டீ நினைவுக்கு வந்தது. அந்த டீ. விடிந்ததும் விடியாததுமாய் புல்லெல்லாம் உப்புக் கொட்டினாற்போல் உறைபனி வெளுத்துக் கிடக்க, அவன் அம்மா லோகாம்பாள் ஏரிக்கரைக்கே பித்தளைச் செம்பில் டீயும், துணியில் சுற்றின சூடான ஆப்பமும் கொண்டு வந்து நின்றாள். இஞ்சி தட்டிப் போட்ட டீ. வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது. மூக்கு கண்ணாடிக்குள் அடைபட்டிருக்கிறது, வாசனையும் அதற்குள்ளேயே அடைபட்டிருக்கிறது போல. "வெறும் வயித்தோட இந்தத் தண்ணில எறங்கக் கூடாதுண்ணே, குளிரு குடலப் புடிச்சுரும்" என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "முடிவாகாத எடத்துல கை நனைக்கிறது எங்க வழக்கமில்லம்மா." பெண்ணைப் பெற்றவன் சம்பந்தம் பேசி முடிக்கும் முன்னால் மாப்பிள்ளை வீட்டுச் சோறு தின்றால் முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம். ஆப்பத்தில் கை வைத்தால் அப்புறம் மகளைக் கொடுக்க மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அவள் முகம் சுருங்கவில்லை, செம்பை மூடிக்கொண்டாள். "சரிங்கண்ணே. நீங்களாக் கேக்குறவரைக்கும் நானும் குடுக்கப் போறதில்ல." ரோஷக்காரி. அந்த லாட்ஜ்காரன் ஆறு மணிக்கு அடுப்பு பற்ற வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. ஒரு இட்லி, ஒரே ஒரு இட்லி உள்ளே கிடந்திருந்தால் அது ஒரு கணப்பு மாதிரிக் கிடந்திருக்கும்.

காதில் ஆணி இறங்கிக்கொண்டே இருந்தது. மூக்கைப் பிடித்து ஊது என்றானே. ஊதினார். இடது காது டப்பென்று திறந்தது, வலது காது பிடிவாதம் பிடித்தது, மறுபடி ஊத அதுவும் திறந்தது. பச்சையாக இருந்த தண்ணீர் போகப் போகப் பழுப்பானது, டீ டிக்காஷன் மாதிரி, சே, எதைப் பார்த்தாலும் டீ. இறங்கிக்கொண்டே இருக்கிறோமே, இது எங்கே நிற்கும்? அவன் கையை உயர்த்தி, மெள்ள, மெள்ள என்று காட்டுகிறான். நான் எங்கேடா வேகமாகப் போகிறேன், தண்ணிதானே இழுக்கிறது. கயிற்றைப் பிடிங்க என்று காட்டுகிறான். பிடித்தார், பிடித்த கை வழுக்கியது, ஏன் என்றால் கையில் உணர்ச்சி இல்லை, ஏன் என்றால் கையில் உறை இல்லை. உறை போட்டுவிட்டான்தான். கரடித் தோல் மாதிரித் தடித்த உறை. தலைக்கும் ஒரு குல்லாய், தாடையோடு சேர்த்துப் பிடிக்கிற குல்லாய், அது வேண்டாம் என்று எவ்வளவோ பேசிப் பார்த்தார், இது இல்லாம எறங்க முடியாதுங்கய்யா என்று ஒரே வார்த்தையில் நின்றான். உறைக்கும் அப்படியே நின்றான். நின்ற விலைக்காரன் மாதிரி ஒரு எரிச்சல் பிடித்த பயல், ஏற மாட்டான், இறங்க மாட்டான். ஆனால் கை என்பது சடையப்பனுக்குக் கை இல்லை, தொழில். துண்டைப் போட்டு மூடி, துண்டுக்கடியில் விற்கிறவன் விரலும் இவர் விரலும் தொட்டுத் தொட்டுப் பேசிய பேரம் எத்தனை. மேலே வாய் மழை பெய்யுமா என்று கேட்டுக்கொண்டிருக்கும், அடியில் விரல் விலை பேசிக்கொண்டிருக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. கையைக் குலுக்கினால் பேரம் முடிந்தது, அதற்குப் பிறகு பிரம்மன் வந்தாலும் மாற்ற முடியாது, மாற்றினவன் அடுத்த வாரம் சந்தைக்குள் தலைகாட்ட முடியாது. அந்தக் கையை ரப்பருக்குள் ஒளித்து வைப்பதா? படகு ஓரத்தில் அவன் திரும்பின சமயம் இரண்டு உறையையும் உருவிப் படகுக்குள்ளேயே போட்டுவிட்டு இறங்கினார், பச்சைத் தண்ணியில் அவனுக்கு அது கண்ணில் படவில்லை போல. இப்போது விரல்கள் பத்தும் வேறு யாருடையவோ. பார்த்தால் இருக்கின்றன, தொட்டால் இல்லை.

அப்போதுதான் இடுப்பு நினைவுக்கு வந்தது. ஐயோ. கொசுறு. கீழே இழுப்பது தண்ணீர் இல்லை, கொசுறு. இந்த உடுப்பு மிதக்கும், அதனால் இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பட்டை கட்டணும், உங்க எடைக்கு இவ்வளவு போதும் என்று காலையில் அவன் எண்ணிக் கோத்தான். எவனாவது ஒன்றை எண்ணிக் கொடுத்தால் சடையப்பனுக்குக் கை அரிக்கும். தக்காளிக்காரி தராசை இறக்கினதும் ஒன்று, கீரைக்காரன் கட்டை நீட்டினதும் இரண்டு கொத்து, மாட்டுக்குக்கூட விலை முடிந்த பின் கழுத்து மணி, தும்புக் கயிறு, போதாததற்கு ஓட்டி வந்த பையனின் சாட்டை. அது பேராசை இல்லை, மரியாதை; கொசுறு இல்லாமல் வாங்கினவன் ஏமாந்தவன். பெட்டியில் மிச்சம் கிடந்த ஒரு ஈயக்கட்டி பளபளவென்று, கன்றுக்குட்டிக் குளம்பு மாதிரி அழகாக இருந்தது. எடுத்து உடுப்புப் பைக்குள் தள்ளிக்கொண்டார். எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. கை செய்தது, அவ்வளவுதான். உலகத்தில் எந்த மடையனாவது தன்னை மூழ்கடிக்கிற கல்லைக் கொசுறாகக் கேட்டு வாங்குவானா? வாங்கவும் இல்லையே, எடுத்துக்கொண்டாரே! நினைத்து முடிப்பதற்குள் அடி வந்துவிட்டது. கால் எதிலோ பட்டது, பட்டது என்றால் தரையில் படவில்லை, கூழில் பட்டது. உளுந்தமாவு மாதிரி வழவழவென்று ஒரு வண்டல், முழங்கால் வரை உள்ளே போனது, அவர் உதறினார், உதற உதற அது கிளம்பியது. ஒரு நொடியில் உலகம் அணைந்தது. கயிறு இல்லை. நவநீதன் இல்லை. தன் கையே இல்லை. மூக்குக்கு முன்னால் வெறும் காவி இருட்டு.

அமைதியா இரு, அமைதியா இரு, மாடு மிரண்டால் என்ன செய்வோம், கயிற்றை இழுக்கக் கூடாது, நின்றுவிட வேண்டும், ஹோ ஹோ என்று சொல்ல வேண்டும். ஹோ ஹோ. மூச்சு கேட்கவில்லை. இழு, விடு, இழு இழு இழு. ஒவ்வொரு மூச்சுக்கும் ரப்பருக்குள் கேட்ட டப்பென்ற சத்தம் சட்டென்று மாறி, பாம்பு சீறினாற்போல் ஒரு சீறல் வாயிலிருந்து கிளம்பியது. ரப்பர் அதிர, கன்னம் அதிர, ஐஸ் காற்று தொண்டைக்குள் பீய்ச்சி அடித்தது. வால்வு. சொன்னானே. தெறந்தது தெறந்தபடி நின்னுரும் என்று சொன்னானே பாவி, ஒவ்வொன்றாகச் சொன்னானே, ஒன்றைக்கூட மறைக்கவில்லையே. காதைச் சுற்றிக் குமிழி கொதிக்கிறது. முழங்கால்வரை சேறு, இடுப்பில் ஈயம், அதற்கு மேல் ஒரு கொசுறு ஈயம். செத்தால் என்ன போடுவார்கள் பேப்பரில்? மாட்டுத் தரகர் ஏரிக்குள் மரணம். ஏரிக்குள் என்ன மாடா நின்றது என்று கேட்பான் அந்தப் பரங்கிமலை. சந்தையில் எதிர்க்கடை போடுகிற பரங்கிமலை, டீக்கடை பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு, எருமை வாங்கத்தான் எறங்கியிருப்பான், தண்ணிக்குள்ள விலை மலிவுன்னு எவனாவது சொல்லியிருப்பான் என்று சொல்வான், நாலு பேர் சிரிப்பார்கள், அவன் சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும், நாசமாய்ப் போனவனுக்கு அந்தத் திறமை உண்டு. ரஞ்சனி கரையில் நிற்கிறாள். வரப்போகிற குமிழியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் சின்னதில் மாட்டுத் தொட்டியில் விழுந்துவிட்டாள், ஒரு கையால் தூக்கினார், தூக்கின வேகத்தில் சிரித்தாள், இன்னொரு தடவை போடுப்பா என்றாள். அவளுக்கு அப்போதே தண்ணி பிடித்திருக்கிறது. அதை எப்படிக் கவனிக்காமல் விட்டோம்? மாட்டுக்குச் சுழி பார்க்கிறவன் மகளுக்குப் பார்க்கவில்லை. மேலே போய்விடு, உதைத்துக்கொண்டு மேலே போய்விடு, ஆனால் நெஞ்சு கிழியும் என்றானே, ரத்தம் சோடாவாகும் என்றானே, பந்தயம் போகும், போகட்டும், தாம்பாளம், வெற்றிலை, எல்லாம் கொடுத்துவிடலாம், மேலே எது, கீழே எது?

அந்தக் காவி இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவர் தோள்பட்டையைப் பிடித்தது. கடுமையாகப் பிடிக்கவில்லை. மிரண்ட மாட்டைத் தெரிந்தவன் பிடிக்கிற மாதிரி, திமிலுக்குக் கீழே கையைப் பரப்பி வைத்துப் பிடித்தது. வாயில் சீறிக்கொண்டிருந்த ரப்பரை வெளியே இழுத்தது. அவர் விடவில்லை, விட்றாதீங்க என்றவன் இவன்தானே. கை இன்னொரு தடவை மெல்ல அசைத்துக் கேட்டது, விட்டார், உடனே வேறொரு ரப்பர் உள்ளே வந்தது. அவனுடைய சிலிண்டரிலிருந்து வருகிற இன்னொரு குழாய். டப். காற்று. இளஞ்சூடாகக்கூட இருந்தது போல ஒரு பிரமை. அவருடைய சிலிண்டர்த் திருகை அவன் மூட, சீறல் அடங்கியது. பிறகு அந்தக் கை அவர் இடுப்பைத் தடவியது. பட்டையை எண்ணியது, ஒவ்வொரு கட்டியாக. எண்ணி முடித்து, யோசித்து, பைக்குப் போனது, நின்றது. அந்த ஒரு நொடி வண்டலுக்குள் யாருக்கும் முகம் தெரியாது என்பதற்காகச் சடையப்பன் குலதெய்வத்துக்கு நன்றி சொன்னார். கை கொசுறை உருவிக்கொண்டது. காலடியில் சேறு விட்டது. இருவரும் மேலே கிளம்பினார்கள், சோப்புக் குமிழி ஏறுகிற வேகத்தில், அதைவிட மெள்ள. மூச்சை அடக்காதீங்க என்பதற்கு அவன் அவர் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினான், அவர் ஆ என்று ரப்பருக்குள் முனகிக்கொண்டே போனார், கோயில் வாசலில் கை ஏந்துகிறவன் மாதிரி, ஆ, ஆ.

பாதிக்கு மேல் வந்ததும் கயிறு கிடைத்தது, நின்றான். ஏன் நிற்கிறாய்? மேலே வெளிச்சம் தெரிகிறது. படகின் அடிப்பாகம் கரிய மீன் மாதிரி மிதக்கிறது. கை நீட்டினால் மேலே. ஆனால் கலங்கல் கூடவே ஏறி வந்திருந்தது, அவன் முகம் சரியாகத் தெரியவில்லை. இவருடைய வெற்றுக் கையைத் தேடிப் பிடித்தான், மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்து அழுத்தினான். மூணு. நேற்றே சொல்லியிருந்தான்: கண்ணு தெரியலன்னா கையப் பிடிப்பேன், மூணு விரலப் பிடிச்சா மூணு நிமிஷம் கயிறோட அப்படியே நிக்கணும், ரத்தத்துல இருக்கிறது மூச்சோட வெளிய போறதுக்கு. எனக்கே விரல் பாஷையா என்று அப்போது சிரித்தார். இப்போது பல் கிட்டிக்கொண்டு ரப்பரைக் கடித்து நறுக்கப் பார்க்கிறது. மூணு நிமிஷமா? இந்தக் குளிரிலா? அவர் தன் உறைந்த விரலால் அவனுடைய தடித்த உறைக்குள் ஒரே விரலைத் தேடிப் பிடித்தார். ஒண்ணு. பிடித்ததும் ஒரு விசித்திரம், நடுக்கம் கொஞ்சம் நின்றது. துண்டுக்கடியில் உட்கார்ந்தாற்போல் இருந்தது. கலங்கலே துண்டு. வாய் அடைபட்டால் என்ன, கை இருக்கிறது, உறையைக் கழற்றிப் போட்டது இதற்காகவோ என்னவோ. அவன் மூணு என்றான். அவர் ஒண்ணு. அவன் மூணு. சரி, மனிதன் கொஞ்சம் இறங்கி வரணும், ரெண்டு விரலைப் பிடித்தார், அதற்கு மேல் ஒரு அழுத்து அழுத்தினார், ரெண்டு, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். எந்தத் தரகனும் இந்த இடத்தில் ரெண்டரைக்காவது வருவான். மூணு, என்றது அந்தக் கை. அதே அழுத்தம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

டேய், புரியுதா உனக்கு, மேலே விடு என்கிறேன். இப்போதே மேலே போனால் நான் தோற்றேன். நீ போகலாம் என்று சொல்வதற்கு முன்னால் வந்தவன் ஆவேன். கரையில் ரஞ்சனி பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாம்பாளம் உன் வீட்டுக்கு வரும், பெண் உனக்கு. உன் சரக்கை நீ கேட்ட விலைக்கு மேலேயே வாங்கிக்கிறேன் என்கிறேன்டா, கையைக் குலுக்கித் தொலையேன்! ஒண்ணு என்று மறுபடி பிடித்தார், கெஞ்சிப் பிடித்தார். இந்தக் கை கெஞ்சி எத்தனை காலம் ஆச்சு. அவன் அந்த ஒரு விரலை மெள்ள விலக்கிவிட்டு, அவருடைய இரண்டு கையையும் தன் உறைக் கைகளுக்குள் வைத்துப் பொத்தித் தேய்த்தான், தேய்த்தபடியே மறுபடி மூன்று விரலைப் பிடித்தான். அப்போதுதான் சடையப்பனுக்கு, குளிர் மண்டைக்குள் போய் எதையோ தட்டினாற்போல், உறைத்தது. இவனுக்குப் பந்தயம் தெரியும். பக்கத்தில் நின்று கேட்டவன். விட்டால் இவனுக்கு லாபம், பிடித்தால் இவனுக்கு நஷ்டம். கையை ஒரு பிடி தளர்த்தினால் போதும், கிழவன் தானாக ஏறிப் போய்த் தோற்றுவிடுவான், பெண் கைக்கு வரும், ஒருத்தரும் குற்றம் சொல்ல முடியாது. பிடித்துக்கொண்டு நிற்கிறான். தன் லாபத்தைத் தண்ணியில் விட்டுவிட்டு, என் ரத்தத்திலிருக்கிற சோடாவுக்குக் காவல் நிற்கிறான். இத்தனை காலம் சந்தையில் எத்தனை கையைத் துண்டுக்கடியில் பிடித்திருப்பார். வியர்த்த கை, நடுங்கின கை, பொய் சொல்லும்போது விரல்நுனி துடிக்கிற கை. இறங்காத கை இதுதான் முதல். மகளை ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டுமென்றால் எப்படிப்பட்ட கையில் கொடுக்க வேண்டும்? பார்க்க வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தார். ஒரு அதட்டுக்கு எல்லாரும் இறங்கினவர்கள்தான். நான் அதட்டினால் இறங்குகிறவன் நாளைக்கு யார் அதட்டினாலும் இறங்குவானே. சரிதான் போ. அவர் மூன்று விரலைப் பிடித்தார். பிடித்து, கையைக் குலுக்கினார். அவனுக்கு அது என்னவென்று தெரிந்ததோ இல்லையோ, இவருக்குத் தெரியும். அதற்கப்புறம் குளிர் குறையவில்லை, ஆனால் முடிந்த பேரத்துக்குப் பிறகு மனுஷன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், மாடு ஓட்டிப் போகிறவன் வரும்வரை நிற்கிற மாதிரி.

அவன்தான் கடைசியில் கட்டைவிரலை மேலே காட்டினான். போகலாம். வெயில் முகத்தில் விழுந்தது. படகுக்குள் இழுத்துப் போட்டார்கள், கரைக்குக் கொண்டுபோனார்கள், கம்பளியில் சுருட்டினார்கள். ரஞ்சனி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு பதறினாள்.

"என்னப்பா, கையெல்லாம் நீலமாப் போச்சு! உறை எங்க? உள்ள ஏதாச்சும் ஆச்சா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், உதடு அசையவில்லை. நவநீதன் சொன்னான்: "ஒண்ணுமில்ல. கொஞ்சம் கலங்கிருச்சு. ஐயா நல்லா நின்னாரு. நான் சொல்லித்தான் மேல வந்தாரு." சொல்லிக்கொண்டே அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தன் பையிலிருந்து ஒரு ஈயக்கட்டியை எடுத்து, சத்தம் வராமல் பெட்டிக்குள் வைத்தான். சடையப்பன் பார்த்தார். அவர் பார்த்ததை அவனும் பார்த்தான்.

ரஞ்சனியின் முகம் மெள்ள வாடியது. "அப்ப நீங்க ஜெயிச்சுட்டீங்கப்பா" என்றாள். "சொன்ன சொல்லு மாற மாட்டேன். வண்டிய எடுக்கச் சொல்லட்டுமா?"

"ஊருக்குப் போற பாதை இதவிட உசரம் ஏறித்தான் எறங்கும், இன்னிக்குப் போகக் கூடாது ரஞ்சனி" என்றான் அவன். இதிலும் இறங்க மாட்டேன் என்கிறான் பார்.

சற்றுத் தள்ளி லோகாம்பாள் நின்றாள். கணப்பின் மேல் செம்பை வைத்து, ஆவி போகாமல் மூடிப் பிடித்தபடி. கிட்ட வரவில்லை, ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தையில் முதலில் வாய் திறந்தவன் தோற்றான் என்பது சட்டம். அதை இந்த அம்மாளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சடையப்பன் தாடையைக் கையால் பிடித்துத் தேய்த்தார். பல் ஒன்றோடொன்று தாளம் போட்டது. இரண்டு தடவை முயன்றார், காற்றுதான் வந்தது. மூன்றாவது தடவை வார்த்தை வந்தது.

"அந்த டீ ஆறிப் போச்சா?"

அவள் திரும்பினாள். "ஆறல."

"ஆப்பம்?"

"அதுவும் இருக்கு." செம்பின் மூடியிலிருந்து கையை எடுக்காமல், "முடிவாகாத எடத்துல கை நனைக்கிற வழக்கமில்லன்னீகளே" என்றாள்.

"யாரு முடிவாகலன்னது?" என்று சடையப்பன் எரிந்து விழுந்தார், கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டிக்கொண்டு. "உள்ள வச்சே பேசி முடிச்சாச்சு. ஒங்க மகன் ஒரு நூலு எறங்கல. சீனியாச்சும் ஒரு கரண்டி கொசுறாப் போடுங்க, சம்பந்தியம்மா!"